திரை கறுத்துப்போனால்: கிராபிக்ஸ் டிரைவரின் மோட்செட்டிங் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

லினக்ஸில் "திரை கறுப்பாக இருக்கிறது" என்று சொல்லப்படும் கோளாறு உண்மையில் ஏழெட்டுக் கோளாறுகள். எல்லாமே பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால், ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்து, கடைசியில் சிஸ்டத்தையே மறுபடி நிறுவிவிடுகிறார்கள். அதற்கு அவசியம் அரிது. பூட் ஆகும் வழியில் எந்த இடத்தில் படம் போனது என்று தெரிந்தாலே கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே முதலில் ஒருமுறை ஆஃப் செய்து, ஆன் செய்து, கண் எடுக்காமல் பாருங்கள். தயாரிப்பாளர் லோகோ வந்ததா? கிரப் மெனு (எதை ஏற்றுவது என்று கேட்கும் பூட் பட்டியல்) வந்ததா? எழுத்து ஓடியதா, ஓடிய கடைசி வரி எது? மானிட்டர் "சிக்னல் இல்லை" என்கிறதா, அல்லது ஒன்றும் சொல்லாமல் கறுப்பாகவே எரிந்துகொண்டிருக்கிறதா? இந்தப் பதில்களைக் குறித்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போகலாம்.

நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட், எந்தப் போர்ட் வழியே படம் போக வேண்டும் ஆகியவற்றைத் தீர்மானித்து கார்டில் எழுதுவதுதான் மோட்செட்டிங். முன்பெல்லாம் இதை எக்ஸ் சர்வர் (டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் நிரல்) செய்துவந்தது. 2009-இல் வந்த 2.6.29 கர்னலில் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) இன்டெல் கார்டுகளுக்கு இந்த வேலை கர்னலுக்குள் வந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் ஏஎம்டி கார்டுகளுக்கான ரேடியான், என்விடியா கார்டுகளுக்கான நூவோ டிரைவர்களும் சேர்ந்துகொண்டன. இன்றைய கணினியில் ஆன் செய்தவுடன் தெரியும் படம், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) ஏற்பாடு செய்து கொடுத்த ஃபிரேம்பஃபரில் (திரைப் படத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) வருவது. கர்னலின் முதல் வரிகளும் அதிலேதான் ஓடும். பிறகு ஐ915 (இன்டெல்), ஏஎம்டிஜிபியு (ஏஎம்டி), நூவோ போன்ற உண்மையான டிரைவர் ஏறுகிறது. ஏறியதும் பழைய ஃபிரேம்பஃபரைத் தூக்கிவிட்டு, தன் சொந்த மோடை அமைக்கிறது. படம் கைமாறும் அந்த ஒரு நொடியில் டிரைவர் தடுமாறினால் பழையதும் போய்விடும், புதியதும் வராது. கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

கட்டளைகளையும் பாராமீட்டர்களையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். பெரிய எழுத்து என்று தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் சின்ன எழுத்து. ஒலிப்பை வைத்து எழுத்துக்கூட்ட முடியாத சொல்லுக்கு எழுத்துக்கூட்டு தனியாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்: கணினி உயிரோடு இருக்கிறதா?

கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கர்னல் ஓடுகிறது. தானாகவே விடாமல் மின்னிக்கொண்டிருந்தால் கர்னல் பேனிக், அதாவது கர்னலே நொறுங்கி நின்றுவிட்டது. அது வேறு பிரச்சினை. எதுவுமே அசையவில்லை என்றால் டிரைவர் முழுச் சிஸ்டத்தையும் முடக்கியிருக்கலாம்.

அடுத்து கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3. எழுத்து லாகின் வந்துவிட்டால் மோட்செட்டிங் நன்றாக நடந்திருக்கிறது. கோளாறு அதற்கு மேலே, டெஸ்க்டாப் பக்கம். வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே எழுத்து லாகின்) போட முடிந்தால் இன்னும் நல்லது. கறுத்த திரையோடு இருக்கும் அதே நிலையில் லாக் படிக்கலாம், இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

பவர் பட்டனைப் பிடித்து அமுக்கி அணைப்பதை முதலில் செய்யாதீர்கள். ஜர்னல் (சிஸ்டத்தின் லாக்) பதிவுகள் உடனுக்குடன் டிஸ்கில் எழுதப்படுவதில்லை. சாதாரணச் செய்திகளுக்கு இயல்பான இடைவெளி 5 நிமிடம். பட்டென்று அணைத்தால் உங்களுக்கு வேண்டிய அந்தக் கடைசி வரிகள்தான் முதலில் தொலையும். பட்டனை ஒருமுறை லேசாகத் தட்டிவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். கர்னல் உயிரோடிருந்தால் பல சிஸ்டங்கள் முறையாக ஷட்டவுன் ஆகும். அதுவும் நடக்கவில்லையென்றால் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி மூன்றையும் இரண்டு நொடி இடைவெளியில் அழுத்துங்கள். டிஸ்கில் எழுதி, படிக்க மட்டும் என்று மாற்றி, ரீபூட் செய்யும் வரிசை அது. உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை.

அறிகுறி: கிரப் மெனு வருகிறது, கர்னல் ஏறியதும் கறுப்பு

மோட்செட்டிங் கோளாறின் அசல் முகம் இதுதான். பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிற்பீர்கள்.

மெனு வராமல் நேரே பூட் ஆகிறதென்றால், யுஇஎஃப்ஐ கணினியில் லோகோ மறையும் நேரம் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்கேப்பைப் படபடவென்று பலமுறை அடித்தால் மெனுவைத் தாண்டி கிரப்பின் கட்டளை வரிக்குப் போய்விடும். அப்படிப் போனால் "நார்மல்" என்று அடித்து என்டர் தட்டி, உடனே எஸ்கேப் அழுத்தினால் மெனு திரும்ப வரும்.

மெனுவில் முதல் வரி வெளிச்சமாக இருக்கும்போது "இ" எழுத்துப் பட்டனை அழுத்துங்கள். பத்துப் பதினைந்து வரி கொண்ட எடிட்டர் திறக்கும். அம்புக்குறியால் கீழே வந்து "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியைப் பிடியுங்கள் (கீழே கர்னல் வரி என்று சொல்வது இதைத்தான்). அது நீளமான வரி; திரையில் இடம் போதாமல் பின்சாய்கோட்டோடு மடங்கி அடுத்த வரியில் தொடரும். அந்த மடிப்பை வரி முடிந்தது என்று எண்ணி நடுவில் எழுதிவிடக் கூடாது. எண்ட் பட்டனை அழுத்தினால் உண்மையான முடிவுக்குப் போகும். வழக்கமாக அங்கே "கொயட் ஸ்பிளாஷ்" என்ற இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, ஒரு இடைவெளி விட்டு "நோமோட்செட்" என்று எழுதுங்கள். நோ, மோட், செட் மூன்றும் சேர்ந்த ஒரே சொல், நடுவில் இடைவெளியோ கோடோ கிடையாது. பிறகு கன்ட்ரோல் + எக்ஸ், இல்லையென்றால் எஃப்10. என்டர் அடித்தால் வரி உடைந்துவிடும், பூட் ஆகாது.

கிரப் எடிட்டர் பெரும்பாலும் அமெரிக்க விசைப்பலகை அமைப்பில் இருக்கும். வேறு அமைப்புள்ள விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு சமக்குறியும் அடிக்கோடும் இடம் மாறும். இந்தச் சொல்லில் அந்தக் குறிகள் எதுவும் இல்லை என்பது வசதி.

இங்கே செய்த மாற்றம் இந்த ஒரு பூட்டுக்கு மட்டும். தப்பாக எழுதியிருந்தாலும் பயமில்லை, ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

இந்தச் சொல் கர்னலுக்கு இடும் கட்டளை: கிராபிக்ஸ் டிரைவர்கள் மோடைத் தொட வேண்டாம், ஃபர்ம்வேர் கொடுத்த ஃபிரேம்பஃபரிலேயே ஓடட்டும். படம் வந்துவிட்டால் கோளாறு டிரைவரில்தான் என்று உறுதியாகிவிட்டது. அதற்குமேல் இது எதையும் சரிசெய்வதில்லை. கார்டின் முடுக்கம் இல்லை, எல்லா வரைதலையும் சிபியுவே செய்யும், இரண்டாவது மானிட்டர் வராது, பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யாது, சஸ்பெண்ட் பெரும்பாலும் சிக்கலாகும். உள்ளே நுழைந்து காரணத்தைத் தேட ஒரு கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லும் யோசனைகளை நம்பாதீர்கள்.

நோமோட்செட் போட்டும் படம் வரவில்லையா? அதே வரியில் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 3 என்ற எண்ணை மட்டும் சேர்த்துப் பாருங்கள். வரைகலை லாகினை விட்டுவிட்டு எழுத்து லாகினோடு நிற்கும். அதிலும் கறுப்பென்றால் கேபிள், போர்ட், மானிட்டர் பக்கம் போங்கள்.

உள்ளே வந்தபின் காரணத்தைத் தேடுவது

முதல் கட்டளை "எல்எஸ்பிசிஐ -என்என்கே". விஜிஏ அல்லது 3டி கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். கார்டின் பெயர், அதன் கீழே அதற்குப் பொருந்தும் மாட்யூல்களின் (கர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்புகளின்) பெயர்கள் இருக்கும். நோமோட்செட்டில் வந்திருப்பதால் "பயன்பாட்டில் உள்ள டிரைவர்" என்ற வரி பெரும்பாலும் இருக்காது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டாவது, கறுத்துப்போன முந்தைய பூட்டின் கர்னல் லாக்: "சூடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி -1". சூடோ என்றால் கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுவது. கடைசி எண் மைனஸ் ஒன்று, முந்தைய பூட் என்று பொருள். அதில் டிஆர்எம் (கர்னலின் கிராபிக்ஸ் பிரிவு), ஏஎம்டிஜிபியு, ஐ915, நூவோ, என்விடியா, ஃபர்ம்வேர் ஆகிய சொற்களைத் தேடுங்கள். முந்தைய பூட்டே இல்லை என்று சொன்னால் ஜர்னல் நினைவகத்தில் மட்டும் எழுதப்படுகிறது; "/வார்/லாக்/ஜர்னல்" என்ற ஃபோல்டரை உருவாக்கி, ரீபூட் செய்து, ஒருமுறை கறுக்கவிட்டு, மறுபடி நோமோட்செட்டில் வந்து படியுங்கள்.

லாக்கில் "ஃபர்ம்வேர் லோட்... ஃபெயில்டு, எரர் -2" என்ற வரி இருந்தால் வேலை சுலபம். -2 என்றால் கோப்பே இல்லை. ஏஎம்டி கார்டுகளுக்கு இந்த ஃபர்ம்வேர் கோப்புகள் (டிரைவர் கார்டுக்குள் ஏற்றும் நிரல்கள்) இல்லாமல் டிரைவர் கண் திறக்காது. உபுண்டுவில் "லினக்ஸ்-ஃபர்ம்வேர்" தொகுப்பில் இருக்கும், இன்றைய ஃபெடோராவில் "ஏஎம்டி-ஜிபியு-ஃபர்ம்வேர்" தொகுப்பில். டெபியனில் "ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ்", 12-ஆம் பதிப்பிலிருந்து இவற்றுக்கென்று தனியாக "நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்" என்ற பிரிவு இருக்கிறது, ரெபாசிட்டரி பட்டியலில் அதைச் சேர்த்திருக்க வேண்டும். பழைய பட்டியலோடு 12-க்கு மாறிய கணினிகளில் இந்தப் பிரிவு விடுபட்டுப்போவது வழக்கம். நிறுவியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் தொடக்கத்தில் நினைவகத்துக்கு வரும் சிறு கோப்புத் தொகுப்பு) கட்டாயம் புதுப்பியுங்கள்; உபுண்டு, டெபியனில் அதற்கு "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ". டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து ஏறும்போது டிஸ்கில் இருக்கும் ஃபர்ம்வேர் அதன் கைக்கு எட்டாது. கோப்பு இருந்தும் மறுபடி -2 வருவதற்குக் காரணம் இதுதான்.

ஃபர்ம்வேர் இருக்கிறது, ஆனால் கார்டு மிகப் புதிது, கர்னல் பழையது என்றால் கர்னலை ஏற்றுங்கள். உபுண்டு எல்டிஎஸ்ஸில் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) எச்டபிள்யூஇ எனப்படும் புதிய கர்னல், டெபியனில் புதிய பதிப்புகள் கிடைக்கும் பேக்போர்ட்ஸ் பிரிவு. நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி அப்டேட்டுக்குப் பின் கறுத்தது என்றால் எதிர்த்திசை: கிரப் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். நோமோட்செட்டுக்கு முன்பாகவே இதைச் செய்து பார்க்கலாம். முழு வேகத்தோடு சிஸ்டம் திரும்பக் கிடைக்கும்.

என்விடியா கார்டு என்றால்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஒரே கார்டுக்கு இரண்டு டிரைவர்: கர்னலோடு வரும் நூவோ, நிறுவனம் தரும் தனி டிரைவர். ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கக் கூடாது. கறுத்த திரைகளில் பெரும்பங்கு இந்த மாற்றல் பாதியில் நிற்பதால் வருவது.

புதிதாக நிறுவிய சிஸ்டத்தில், இன்னும் எதையும் மாற்றாமலே கறுப்பு என்றால் நூவோவைச் சந்தேகியுங்கள். மொத்தமாக நோமோட்செட் போடுவதற்குப் பதில் "நூவோ.மோட்செட்=0" என்று அந்த ஒரு டிரைவரை மட்டும் நிறுத்தலாம். எழுத்துக்கூட்டு: என்-ஓ-யூ-வி-இ-ஏ-யூ. இன்டெல் சிப்பும் உள்ள லேப்டாப்பில் இதுவே சிறந்த வழி. இன்டெல் பக்கம் முழு முடுக்கத்தோடு வரும். உள்ளே வந்ததும் உபுண்டுவில் "சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்" கொடுத்தால் கார்டுக்கு ஏற்ற பதிப்பைத் தானே தேர்ந்தெடுக்கும்.

தனி டிரைவர் ஏற்கெனவே இருந்து, கர்னல் அப்டேட்டுக்குப் பின் கறுத்ததென்றால் "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" பாருங்கள். ஒவ்வொரு கர்னலுக்கும் வெளி டிரைவரின் மாட்யூலை மறுபடி கட்டித் தரும் கருவி அது. புதிய கர்னல் எண்ணுக்கு எதிரே "இன்ஸ்டால்டு" என்று இல்லையென்றால் மாட்யூல் கட்டப்படவில்லை. பெரும்பாலும் கர்னல் ஹெட்டர் தொகுப்பு விடுபட்டிருக்கும். ஓடும் கர்னலின் எண்ணுக்குரிய ஹெட்டரை நிறுவி, "சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்" ஓட்டுங்கள்.

மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் ஏறவில்லை. அப்போது சந்தேகம் செக்யூர் பூட் மீது: நம்பகமான கையெழுத்துள்ள நிரல்களை மட்டும் ஓடவிடும் ஃபர்ம்வேர் பாதுகாப்பு. "மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்" என்ற கட்டளை அது ஆனில் இருக்கிறதா என்று சொல்லும். முதல் சொல்லின் எழுத்துக்கூட்டு எம்-ஓ-கே-யூ-டி-ஐ-எல். ஆனில் இருந்தால், கையெழுத்துச் சாவி ஃபர்ம்வேரில் பதிவாகாத மாட்யூலை கர்னல் ஏற்காது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து ஏதாவது பட்டனை அழுத்தச் சொல்லி 10 நொடி எண்ணும். அந்த நேரத்தில் எழுந்து போயிருந்தால் எண்ணி முடித்துவிட்டு நேரே பூட் ஆகிவிடும், சாவி பதிவாகாது. உபுண்டுவில் "சூடோ மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/மோக்.டெர்" என்று மறுபடி பதிவுக்கு விடலாம்; வார், லிப் இரண்டும் மூன்று எழுத்துகள், கடைசிக் கோப்புப் பெயரில் மோக் மட்டும் பெரிய எழுத்து. ஒரு கடவுச்சொல் கொடுத்து ரீபூட் செய்து, நீலத் திரையில் என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், அதே கடவுச்சொல் என்ற வரிசையில் போங்கள்.

டிரைவரை நீக்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "/இடிசி/மோட்புரோப்.டி" ஃபோல்டரில் நூவோவைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் கோப்பு தங்கிவிட்டால் எந்த டிரைவரும் ஏறாது. அந்தக் கோப்பை நீக்கி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். கூடவே "/இடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஓஆர்ஜி.கான்ஃப்" கோப்பில் (எக்ஸ்11-இன் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்விடியா என்று எழுதியிருந்தால் அதன் பெயரை மாற்றி ஒதுக்கிவையுங்கள். இன்றைய எக்ஸ் சர்வருக்கு அந்தக் கோப்பு இல்லாமலே கார்டைக் கண்டுபிடிக்கத் தெரியும்.

வேலேண்ட் (எக்ஸ் சர்வருக்குப் பதிலாக வந்த புதிய முறை) டெஸ்க்டாப் ஓட வேண்டுமானால் தனி டிரைவரின் மோட்செட்டிங் ஆனில் இருக்க வேண்டும். "/சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட்" கோப்பை சூடோ போட்டுப் படித்தால் ஒய் என்று வர வேண்டும். என் என்று வந்தால் கர்னல் வரியில் "என்விடியா-டிஆர்எம்.மோட்செட்=1" சேருங்கள்.

அறிகுறி: எழுத்து ஓடி முடிகிறது, லாகின் திரை வரவேண்டிய இடத்தில் கறுப்பு

கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 வேலை செய்கிறதென்றால் கர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. நோமோட்செட் போட்டால் நிலைமை மோசமாகும், போடாதீர்கள். முதலில் "டிஎஃப் -எச்" கொடுத்து டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். ரூட் பகுதி 100 சதவீதம் ஆகிவிட்டால் லாகின் மேனேஜரால் தன் தற்காலிகக் கோப்புகளை எழுத முடியாமல் கறுப்பில் நிற்கும். டிரைவரைக் குறை சொல்லி மணிக்கணக்கில் அலையவைக்கும் கோளாறு இது. இடம் இருக்கிறதென்றால் "/வார்/லாக்/எக்ஸ்ஓஆர்ஜி.0.லாக்" கோப்பில் (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) அடைப்புக்குள் இரண்டு பெரிய இ எழுத்துள்ள வரிகளைத் தேடுங்கள். "நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்" என்றால் மேலே சொன்ன பழைய கான்ஃப் கோப்பைத் தேடி ஒதுக்குங்கள். ஜிடிஎம் (க்னோம் டெஸ்க்டாப்பின் லாகின் மேனேஜர்) பயன்படுத்தும் டெபியன், உபுண்டு சிஸ்டங்களில் "/இடிசி/ஜிடிஎம்3/" ஃபோல்டருக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பில் "வேலேண்ட்எனேபிள்=ஃபால்ஸ்" வரியின் முன்னுள்ள எண்குறியை நீக்கிப் பார்க்கலாம். டபிள்யூவும் நடுவிலுள்ள இயும் பெரிய எழுத்து.

அறிகுறி: கறுப்பு, ஆனால் கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் அடித்தால் பூட் ஆகிறது

டிஸ்க் என்கிரிப்ட் செய்த கணினிகளில் மட்டும் வருவது. கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் டிரைவர் இன்னும் ஏறவில்லை, அல்லது ஸ்பிளாஷ் படம் தவறான போர்ட்டில் வரையப்படுகிறது. கர்னல் வரியிலிருந்து "ஸ்பிளாஷ்" என்ற சொல்லை நீக்கினால் பெரும்பாலும் எழுத்தில் கேட்கும். முழுத் தீர்வுக்கு டிரைவரை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்க வேண்டும்: டெபியன், உபுண்டுவில் "/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ்" கோப்பில் மாட்யூலின் பெயரை ஒரு வரியில் எழுதி அப்டேட் செய்யுங்கள். ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓவின் கான்ஃப் கோப்பில், பெரிய எழுத்தில் உள்ள மாட்யூல்ஸ் வரியின் அடைப்புக்குள்.

அறிகுறி: மிக மங்கலாக ஏதோ தெரிகிறது

லேப்டாப்பில் டார்ச் விளக்கைத் திரைக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ நிழல்போலத் தெரிந்தால் படம் வந்திருக்கிறது, திரையின் பின்விளக்கான பேக்லைட்தான் எரியவில்லை. "/சிஸ்/கிளாஸ்/பேக்லைட்" ஃபோல்டருக்குள் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு இருந்தால் டெஸ்க்டாப் தவறானதைத் திருகிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றிலும் "மேக்ஸ்_பிரைட்னஸ்" கோப்பில் உள்ள எண்ணைப் படித்து, அதில் பாதியை "பிரைட்னஸ்" கோப்பில் ரூட்டாக எழுதினால் எது உண்மையானது என்று உடனே தெரிந்துவிடும். பிறகு கர்னல் வரியில் "ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்" போட்டுப் பாருங்கள்; பலனில்லையென்றால் நேட்டிவ் என்ற இடத்தில் வென்டார், அதற்குப் பின் வீடியோ. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

அறிகுறி: மானிட்டர் "எல்லைக்கு வெளியே" என்கிறது, அல்லது சிக்னல் இல்லை என்கிறது

தான் தாங்கக்கூடிய மோடுகளின் பட்டியலை மானிட்டர் ஈடிஐடி என்ற 128 பைட் தொகுதியாக (சிலவற்றில் கூடுதல் தொகுதிகளும் உண்டு) கார்டுக்குச் சொல்லும். எச்டிஎம்ஐ கேபிளில் 15, 16 எண் ஊசிகள் இந்தத் தகவலுக்கு, 18-ஆவது 5 வோல்ட், 19-ஆவது "நான் இணைந்திருக்கிறேன்" என்ற அடையாளம். விஜிஏவில் 12, 15. மலிவான விஜிஏ கேபிள்களில் இந்த இரண்டு ஊசிகளும் கம்பியே இல்லாமல் வருவதுண்டு. படம் போகும், தகவல் வராது. ஒரே மானிட்டரைப் பல கணினிகளுக்கு மாற்றித் தரும் கேவிஎம் ஸ்விட்சும், போர்ட் மாற்றிகளும் இதே வேலையைச் செய்யும். டிரைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு மோடை அமைக்கும், அல்லது அந்தப் போர்ட்டில் யாருமே இல்லை என்று விட்டுவிடும். நோமோட்செட்டில் படம் வந்து, டிரைவரோடு மட்டும் போனால் இதையும் எண்ணிப் பாருங்கள். முதல் வேலை, நடுவிலுள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறொரு கேபிளால் நேரடியாக இணைப்பது.

கர்னல் என்ன நினைக்கிறது என்று அறிய, எஸ்எஸ்எச் வழியாகவோ வேறு மானிட்டரிலோ உள்ளே வந்து "/சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்" ஃபோல்டரைப் பாருங்கள். கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1, கார்டு0-டிபி-1 என்பதுபோலப் போர்ட்டுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். கார்டு எண் 1 என்றும் வரலாம். ஒவ்வொன்றிலும் "ஸ்டேட்டஸ்" என்ற கோப்பு. மானிட்டர் மாட்டிய போர்ட்டில் "டிஸ்கனெக்டட்" என்றிருந்தால் ஊசியோ கேபிளோ. "கனெக்டட்" என்றிருந்து "ஈடிஐடி" என்ற கோப்பு காலியாக இருந்தால் ஈடிஐடி வரவில்லை.

கேபிளை மாற்ற வழியில்லை என்றால் மோடை நாமே சொல்லிவிடலாம். கர்னல் வரியில் "வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1920எக்ஸ்1080@60இ". போர்ட் பெயர் பெரிய எழுத்தில், ஃபோல்டரில் உள்ளபடியே, கார்டு எண்ணை மட்டும் விட்டுவிட்டு. கடைசியிலுள்ள இ, "அங்கே மானிட்டர் இருப்பதாகவே வைத்துக்கொள்" என்று கட்டாயப்படுத்துவது. மானிட்டர் எல்லைக்கு வெளியே என்று சொன்னால் ரெஃப்ரெஷ் ரேட்டைக் குறையுங்கள். 4கே மானிட்டரில் எச்டிஎம்ஐ 1.4 போர்ட் என்றால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. சில சிறிய இன்டெல் போர்டுகளில் திரையே இல்லாத எல்விடிஎஸ் (லேப்டாப்பின் உள் திரை போன்றவற்றுக்கான இணைப்பு) போர்ட்டை டிரைவர் உண்மையென்று நம்பி, படத்தை அங்கே அனுப்பிவிடும். அப்போது "வீடியோ=எல்விடிஎஸ்-1:டி", சின்ன டி. அந்தப் போர்ட்டை மூடிவிடும்.

தனி கார்டு மாட்டிய டெஸ்க்டாப்பில் கேபிள் மதர்போர்டின் போர்ட்டில் செருகியிருக்கிறதா என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். லேப்டாப்களிலும் இதே கதை: சில மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா சிப்போடு நேரடியாக இணைந்திருக்கும். அந்த டிரைவர் ஏறாதவரை வெளி மானிட்டர் கறுப்பாகவே இருக்கும், உள் திரை நன்றாக ஓடும்.

அறிகுறி: இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவிலேயே கறுப்பு

உபுண்டு மெனுவில் "சேஃப் கிராபிக்ஸ்", ஃபெடோராவில் "டிரபிள்ஷூட்டிங்" என்பதன் உள்ளே "பேசிக் கிராபிக்ஸ் மோட்". இரண்டுமே நோமோட்செட்டை எழுதித் தருபவைதான். நிறுவி முடித்தபின் அந்தச் சொல் புதிய சிஸ்டத்தின் கர்னல் வரிக்கும் வந்து தங்கிவிடலாம். ஆகவே அடுத்த அறிகுறியையும் படியுங்கள்.

அறிகுறி: படம் வருகிறது, ஆனால் 1024எக்ஸ்768-இல் மாட்டிக்கொண்டு, வீடியோ தடுமாறுகிறது

"கேட் /பிராக்/சிஎம்டிலைன்" கொடுங்கள். பிராக் என்பது பி-ஆர்-ஓ-சி. அதில் நோமோட்செட் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. புதிய கர்னல்கள் லாக்கிலும் இதைச் சொல்லும், சிஸ்டம் ஃபிரேம்பஃபர் மட்டுமே கிடைக்கும் என்று. சிஸ்டம் விவரத்தில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயருக்குப் பதில் "எல்எல்விஎம்பைப்" (சிபியுவை வைத்தே வரையும் மென்பொருள்) என்றிருப்பதும் இதே சாட்சி.

நீக்குவதற்கு முன் ஒரு ஒத்திகை: கிரப் மெனுவில் "இ" அழுத்தி அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு ஒருமுறை பூட் செய்யுங்கள். படம் ஒழுங்காக வந்தால் நிரந்தரமாக நீக்கலாம். உபுண்டு, டெபியனில் "/இடிசி/டிஃபால்ட்/கிரப்" கோப்பைத் திறந்து, முழுக்கப் பெரிய எழுத்தில் கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ் என்று தொடங்கும் இரண்டு வரிகளையும் பாருங்கள். ஒன்றில் கடைசியில் டிஃபால்ட் என்றிருக்கும், மற்றொன்றில் இருக்காது. சொல் எதில் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். நீக்கி, சேமித்து, "சூடோ அப்டேட்-கிரப்". இந்தக் கடைசிக் கட்டளையை விட்டால் மாற்றம் பூட்டுக்குப் போகாது. ஆர்ச்சில் "கிரப்-எம்கேகான்ஃபிக் -ஓ /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி". ஃபெடோராவில் கோப்பைத் தொட வேண்டாம்: "சூடோ கிரப்பி --அப்டேட்-கர்னல்=ஆல் --ரிமூவ்-ஆர்க்ஸ்=நோமோட்செட்". ஆல் மட்டும் பெரிய எழுத்து.

அறிகுறி: சஸ்பெண்ட் போய் எழுந்ததும் கறுப்பு, அல்லது வேலை நடுவே சில நொடி கறுப்பு

பூட் சரியாக இருந்து இது மட்டும் நடந்தால், லேப்டாப்பில் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்ற மின்சேமிப்பு வசதியை முதலில் அணைத்துப் பாருங்கள். இன்டெலில் "ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0", ஏஎம்டியில் "ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10". பேட்டரி கொஞ்சம் குறையும், படம் நிலைக்கும். என்விடியா தனி டிரைவரில் எழுந்தபின் படம் சிதறியோ கறுத்தோ இருந்தால் வீடியோ நினைவகம் காக்கப்படவில்லை: "என்விடியா-சஸ்பெண்ட்", "என்விடியா-ரெஸ்யூம்" இரண்டு சர்வீஸ்களையும் எனேபிள் செய்து, மோட்புரோப் ஃபோல்டரில் ஒரு கான்ஃப் கோப்பில் "ஆப்ஷன்ஸ் என்விடியா என்விரெக்_பிரிசர்வ்வீடியோமெமரிஅலோகேஷன்ஸ்=1" என்று ஒரே வரியாக எழுதுங்கள். மூன்றாவது சொல்லில் என், வி இரண்டும், அடிக்கோட்டுக்குப் பின்வரும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் பெரியவை. ரெக் என்பது சின்ன ஆர்-இ-ஜி. ஒரு எழுத்து மாறினாலும் டிரைவர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. எழுதியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து ரீபூட் செய்து, "/பிராக்/டிரைவர்/என்விடியா/பாரம்ஸ்" கோப்பில் அந்தப் பெயருக்கு எதிரே 1 என்று வந்திருக்கிறதா எனப் பாருங்கள்.